சுவரில் இருந்த 28.65

எங்கள் பட்டறையில் மூன்றாவது லேத்துக்குப் பின்னால் இருக்கும் சுவரில் 28.65 என்று பெயின்ட்டில் எழுதியிருக்கும். எழுதியவர் யாரென்று இப்போது அங்கே வேலை பார்க்கும் யாருக்கும் தெரியாது. 2012-இல் நான் ஹெல்ப்பராகச் சேர்ந்தபோதே அது இருந்தது. டேப்பர் வெட்டுவதற்கான எண் அது. டேப்பர் என்றால் உருண்டைத் துண்டின் விட்டம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சீராகக் குறைவது. பெரிய விட்டத்திலிருந்து சின்ன விட்டத்தைக் கழி, டேப்பர் ஓடும் நீளத்தால் வகு, 28.65-ஆல் பெருக்கு. வருகிற டிகிரியைக் காம்பவுண்ட் ஸ்லைடில் (லேத்தில் டூலைச் சாய்வாக நகர்த்தும் பகுதி) வைத்து வெட்டு. 60 மி.மீ. விட்டம் 100 மி.மீ. நீளத்தில் 40-ஆகக் குறைய வேண்டுமா? 20-ஐ 100-ஆல் வகுத்தால் 0.2. அதை 28.65-ஆல் பெருக்கினால் 5.73 டிகிரி. மூத்த டர்னர் ஒருவர் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார். ஏன் 28.65 என்று நான் கேட்கவில்லை. கணக்கில் தோற்றுப்போய் அந்த வேலைக்கு வந்த பையனுக்கு அதைக் கேட்க வாய் வரவில்லை.

இந்த 2024 ஏப்ரல் 1-ஆம் தேதி பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையைத் தனித்தேர்வராக எழுதினேன். ரிசல்ட் இன்னும் வரவில்லை. வருவதற்கு முன்பே இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். மார்க் தெரிந்த பிறகு எழுதினால் ஆறு மாதம் நடந்ததையெல்லாம் அந்த ஒரு எண்ணை வைத்தே நானும் பார்ப்பேன், படிக்கிறவர்களும் பார்ப்பார்கள்.

எனக்கு 28 வயது. பரீட்சை எழுதக் காரணம் பாஸ்போர்ட். பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட் இ.சி.ஆர். வகையில் வரும். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமென்றால் அவர்கள் இந்திய அரசிடம் குடிபெயர்வு அனுமதி தனியாக வாங்கியாக வேண்டும். பத்தாவது தேறிய சான்றிதழ் இருந்தால் அந்தச் சிக்கல் இல்லை. என்னோடு லேத் கற்றுக்கொண்ட ஒருவன் மஸ்கட்டில் இருக்கிறான். "சர்டிபிகேட்டை மட்டும் வாங்கிட்டு வா, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். மற்ற நான்கு பாடத்திலும் அப்போதே தேறிவிட்டேன். கணக்கு ஒன்றுதான் பாக்கி.

சமச்சீர்க் கல்வியில், அதாவது மாநிலப் பள்ளிகளுக்கெல்லாம் பொதுவாக வந்த பாடத்திட்டத்தில், பத்தாவது எழுதிய முதல் செட் நாங்கள். 2011 ஜூனில் பள்ளி திறந்தபோது கையில் புத்தகம் இல்லை. அந்தப் பாடத்திட்டத்தை அந்த வருடமே நடத்துவதா என்று வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஆகஸ்ட் 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் புத்தகம் வந்தது. அதை நான் காரணமாகச் சொல்ல மாட்டேன். என் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மற்ற மூன்று பேரும் தேறினார்கள். நான் கணக்கைப் படிக்காமல் மனப்பாடம் செய்தேன். இன்ன இன்ன கணக்கு வரும் என்று ஒரு நாற்பது கணக்கைக் குறித்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை செய்யுள் மாதிரி ஒப்பித்தேன். பரீட்சைத் தாளில் எண்கள் வேறாக இருந்தன. நான் ஒப்பித்துவைத்த எண்களோடு விடையை எழுதிவிட்டு வந்தேன். அப்போது வடிவியலுக்கு 10, வரைபடத்துக்கு 10. இரண்டையும் தொடவே இல்லை. கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன், கடைசி மணியும் அடித்துவிட்டது. 29 மார்க். அந்த இருபதில் ஆறு வாங்கியிருந்தால் தேறியிருப்பேன். அதே வருடம் துணைத் தேர்வு எழுத அப்பா பணம் கட்டத் தயாராக இருந்தார். நான்தான் போகவில்லை. பட்டறையில் முதல் சம்பளம் வாங்கியிருந்தேன்.

அக்கா வீடும் என் அறையும் கோவை கணபதியில் ஒரே லைன் வீட்டில் இருக்கின்றன. அக்கா மகள் இந்த வருடம் பத்தாவது. அவளுடைய கணக்குப் புத்தகத்தைப் போன அக்டோபரில் ஒருநாள் எடுத்துப் புரட்டினேன். 2019-இல் மாறிய புதிய புத்தகம். நான் படித்ததைவிடக் கனம். எட்டு பாடங்கள். தாளின் அமைப்பும் மாறியிருந்தது. ஒரு மார்க் 14, இரண்டு மார்க்கில் 10, ஐந்து மார்க்கில் 10, கடைசியில் வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. அன்று இரவே அவளிடம் கேட்டேன், "கண்ணு, நானும் உன்கூட உக்காந்து படிக்கட்டுமா?" அவள் சிரிக்கவில்லை. "வாங்க மாமா, எனக்கும் ஆள் இருந்தா நல்லாத்தானுங்க இருக்கும்" என்றாள்.

முதலில் அளவியலைத் திறந்தோம். அது எனக்கு வரும் என்று நினைத்தேன். உருளை வடிவப் பீப்பாய், உயரம் 20 செ.மீ., ஆரம் 14 செ.மீ. வளைபரப்பும் மொத்தப் புறப்பரப்பும் காண்க. ஷாஃப்ட் அளவை மனதில் போட்டே பழக்கம் எனக்கு. சுற்றளவு 88, உயரம் 20, ஆக 1760. மேலும் கீழும் இரண்டு வட்டம் சேர்த்தால் 2992. நோட்டில் இரண்டு எண்ணை எழுதி நீட்டினேன்.

அவள் நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "விடை சரிதானுங்க மாமா. வழி எங்கீங்க? சூத்திரம் எழுதலை, எதை எங்க போட்டீங்கன்னு எழுதலை, அலகு எழுதலை. எங்க சார் இதுக்கு மார்க்கே போட மாட்டாருங்க."

எனக்குக் கோபம் வந்தது. விடை சரியாக இருக்கும்போது வழி எதற்கு? பட்டறையில் ஜாப், அதாவது வெட்டிய துண்டு, அளவுக்கு வந்ததா என்றுதான் பார்ப்பார்கள், எப்படி வெட்டினாய் என்று யார் கேட்கிறார்கள்? அன்றைக்கு அதோடு எழுந்துவிட்டேன். மறுநாள் ஆறு மணிக்கு டூலைத் தீட்டிக்கொண்டிருக்கும்போது எனக்கே ஒன்று தோன்றியது. ஜாப் அளவுக்கு வரவில்லையென்றால் எப்படி வெட்டினாய் என்றுதானே கேட்பார்கள்? அப்போது சொல்லத் தெரியாமல் நின்றவன்தானே நான்? அதை நினைத்ததும் 2021-இல் கெட்டுப்போன அந்த இரண்டு ஜாப் ஞாபகத்துக்கு வந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது சிக்கல் கால்குலேட்டர். பன்னிரண்டு வருடமாகச் சட்டைப்பையில் இருந்தது. பரீட்சை அறைக்குள் அது கிடையாது. 13-ஆம் வாய்ப்பாடு எனக்கு மறந்தே போயிருந்தது. 12 முதல் 19 வரை வாய்ப்பாட்டை ஒரு தாளில் எழுதி லேத்தின் தலைப்பெட்டியில் ஒட்டிவைத்தேன். நீளமான கட் ஓடும்போது வாய்க்குள் சொல்லிக்கொள்வேன். இரண்டு வாரத்தில் வந்துவிட்டது. வர்க்கமூலம்தான் இழுத்தது.

தினமும் இரவு எட்டு முதல் பத்து வரை, காலையில் நாலரை முதல் ஆறு வரை. ஓவர் டைமை விட்டேன். மாதம் நான்காயிரம் போல் குறைந்தது. அக்கா எதுவும் சொல்லாமல் இரவுச் சாப்பாட்டை அவள் வீட்டிலேயே போட்டாள்.

டிசம்பரில் முக்கோணவியலுக்கு வந்தோம். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

சைன், காஸ், டேன் என்ற பெயர்களைப் பன்னிரண்டு வருடம் முன்னால் கேட்டிருக்கிறேன். முப்பது டிகிரிக்கு இவ்வளவு, அறுபதுக்கு இவ்வளவு என்று அட்டவணையைக்கூட ஒப்பித்திருக்கிறேன். அவை என்ன என்று தெரியாது. அவள் ஒரு செங்கோண முக்கோணம் வரைந்து, "டேன்னா எதிர்ப்பக்கம் கீழ அடுத்துள்ள பக்கமுங்க மாமா. அடுத்துள்ள பக்கம் போகப்போக எதிர்ப்பக்கம் எவ்வளவு ஏறுதுன்னு சொல்றது" என்றாள். நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அப்படியே ஒரு டேப்பர். அடுத்துள்ள பக்கம்தான் டேப்பர் ஓடும் நீளம். எதிர்ப்பக்கம்தான் ஒரு பக்கத்தில் குறைகிற அளவு. விட்டத்தில் 20 குறைந்தால் ஒரு பக்கத்தில் 10. நீளம் 100. அப்படியென்றால் டேன் 0.1.

"கண்ணு, டேன் 0.1 ஆகிற கோணம் எவ்வளவு?"

அவளுடைய பழைய ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் முக்கோணவியல் அட்டவணைகள் இருக்கின்றன. பரணில் இருந்து எடுத்தோம். தேடினாள். ஐந்து டிகிரி நாற்பத்து மூன்று நிமிடத்துக்குப் பக்கத்தில் வந்தது. 5.71, 5.72 டிகிரி. சுவரில் இருந்த எண் சொன்னது 5.73!

எழுந்து வெளியே வந்து சற்று நேரம் நின்றேன். பன்னிரண்டு வருடமாகத் தினமும் நான் டேன் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். பெயர் தெரியாமல்.

உள்ளே வந்து அவளிடம் 28.65 பற்றிச் சொன்னேன். அது எங்கிருந்து வந்திருக்கும் என்று இருவரும் அட்டவணையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒரு டிகிரிக்கு டேன் 0.0175. இரண்டு டிகிரிக்கு 0.0349. ஐந்துக்கு 0.0875. ஏறக்குறைய டிகிரிக்கு 0.0175 என்று ஒரே சீராக ஏறுகிறது. "அப்ப டேன் தெரிஞ்சா 0.0175-ஆல வகுத்தாக் கோணம் வந்துருமுங்களே மாமா" என்றாள். ஒன்றை 0.0175-ஆல் வகுத்தால் 57.14. நாம் விட்டத்தின் வித்தியாசத்தை எடுக்கிறோம், ஆரத்தின் வித்தியாசத்தை எடுப்பதில்லை. அதனால் இரண்டால் வகுக்க வேண்டும். 28.57. சுவரில் இருப்பது 28.65. அட்டவணையில் நான்கு தசம இடம்தான் கொடுத்திருக்கிறார்கள், இன்னும் நுணுக்கமாகப் போட்டால் அந்த 65 வரும் என்று அவள் சொன்னாள். மணி பதினொன்றரை. அக்கா வந்து விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டுப் போனாள். நாங்கள் அணைக்கவில்லை.

ஏனென்றால் அவள் அட்டவணையில் விரலைக் கீழே நகர்த்திக்கொண்டே போனாள். பத்து டிகிரிக்கு 0.1763. சரி. முப்பது டிகிரிக்கு 0.5774. "மாமா, இங்க ஒத்து வரலைங்க. 0.0175-ஐ முப்பதால பெருக்கினா 0.525தானுங்க வரோணும்." நாற்பத்தைந்துக்கு ஒன்று. சீராக ஏறியிருந்தால் 0.79-க்கும் குறைவாகத்தான் இருக்க வேண்டும். கோணம் பெரிதாகப் பெரிதாக டேன் வேகமாக ஓடுகிறது. அப்படியென்றால் 28.65 சரிவு குறைந்த டேப்பருக்கு மட்டும்தான் சரி.

2021-இல் நடந்தது இதுதான். வால்வு சம்பந்தமான ஒரு ஜாப். 60 மி.மீ. விட்டம், 20-ஆகக் குறைய வேண்டும், நீளம் வெறும் 30. நான் சுவரில் இருந்த எண்ணையே போட்டேன். 40-ஐ 30-ஆல் வகுத்து 28.65-ஆல் பெருக்கினால் 38.2 டிகிரி. வைத்து வெட்டினேன். சின்ன முனையை 20-க்குக் கொண்டுவந்தேன். 30 மி.மீ. ஓட வேண்டிய சரிவு 25.4-லேயே 60-ஐத் தொட்டுவிட்டது. ஸ்லைடு நழுவியிருக்கும் என்று நினைத்து இரண்டாவதை எடுத்தேன், அதுவும் அப்படியே. இரண்டு துண்டும் ஸ்கிராப். கூலியில் பிடித்தார்கள். "கணக்குத் தெரியாதவன்கிட்ட டிராயிங்கைக் குடுத்தா இப்படித்தான்" என்று எல்லோர் முன்னாலும் பேச்சு வாங்கினேன். நான் கணக்குப் போட்டுத்தான் வெட்டினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். எந்தக் கணக்கு, ஏன் அந்தக் கணக்கு என்று கேட்டால் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. வாயை மூடிக்கொண்டேன். மூன்றாவது துண்டைத் தடவித் தடவி, கோணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கண்ணளவில் முடித்துக்கொடுத்தேன்.

அந்த இரவு அவளை அதே கணக்கைப் போடச் சொன்னேன். எதிர்ப்பக்கம் 20, அடுத்துள்ள பக்கம் 30, டேன் 0.6667. அட்டவணையில் 33.7 டிகிரி. நாலரை டிகிரி தப்பில் இரண்டு துண்டைக் கெடுத்திருக்கிறேன். மூன்று வருடம் கழித்து எனக்குக் காரணம் தெரிந்தது. அவமானம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது ஏன் நடந்தது என்று ஒரு தாளில் எழுதிக் காட்ட முடிகிறது, வரிவரியாக, அலகோடு. அன்றிலிருந்து விடைக்கு வழி எழுதச் சொன்னால் எனக்குக் கோபம் வரவில்லை.

அளவியலுக்குத் திரும்பப் போனபோது நேர்வட்டக் கூம்பின் இடைக்கண்டம் வந்தது. அதுவும் டேப்பர்தான். பட்டறையில் டேப்பர் ஜாப்பின் எடையைக் கணிக்க இரண்டு விட்டத்துக்கும் சராசரி எடுத்து உருளையாகப் போட்டுவிடுவோம். புத்தகத்திலுள்ள சூத்திரத்தில் பெரிய ஆரத்தின் வர்க்கம், சின்ன ஆரத்தின் வர்க்கம், இரண்டின் பெருக்கல் என மூன்றும் வருகின்றன. இரண்டு வழியிலும் போட்டுப் பார்த்தேன். 60-க்கு 40, நீளம் 100 என்றால் சராசரி முறையில் 196 கன செ.மீ., சூத்திரத்தில் 199. எஃகில் இருபது கிராம் வித்தியாசம், யாரும் கவலைப்பட மாட்டார்கள். 60-க்கு 20, நீளம் 30 என்றால் 37.7-க்குப் பதில் 40.8. இங்கும் அதே கதை, சரிவு கூடினால் குறுக்குவழி கைவிடுகிறது.

இதையெல்லாம் எழுதுவதால் நான் கணக்கில் புலியாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். இயற்கணிதம் என்னைப் பிழிந்தெடுத்தது. பல்லுறுப்புக் கோவையின் வர்க்கமூலத்தை வகுத்தல் முறையில் காண்பது கையில் படிய ஜனவரி முழுவதும் போனது. குறி மாறுகிற இடத்தில் தினமும் தப்பு வந்தது. அணிகள் பெருக்குவது மட்டும் எனக்குப் பிடித்தது, நிரையும் நிரலும் ஒழுங்காக நகர்கிற வேலை. மட்டு எண்கணிதம் இன்றைக்கும் பாதிதான் புரிகிறது. சார்புகளில் எது உள்சார்பு, எது மேல்சார்பு என்பதை அவள் அம்புக்குறிப் படம் போட்டுக் காட்டிக் காட்டி உள்ளே இறக்கினாள்.

வடிவியலில் நிலைமை தலைகீழாக மாறியது. அவளுக்கு வடிவியல் படிகள் அத்தனையும் மனப்பாடம். நான் பார்த்தவுடன் பயந்தேன். 2012-இல் நான் செய்ததை இவள் செய்துகொண்டிருந்தாள், என்னைவிட அழகான கையெழுத்தில்.

அடிப்பக்கம் 8 செ.மீ., உச்சிக்கோணம் 60°, உச்சியிலிருந்து அடிப்பக்கத்துக்கு நடுக்கோடு 5.8 செ.மீ. முக்கோணம் வரைந்து குத்துயரத்தை அளக்க வேண்டும். அடிக்கோடு வரைந்தாள், ஒரு முனையில் கீழ்ப்பக்கமாக 60° எடுத்தாள், அந்தக் கோட்டுக்கு 90° எடுத்தாள், அடிக்கோட்டுக்கு மையக்குத்துக்கோடு போட்டாள், இரண்டும் வெட்டுகிற இடத்தில் காம்பஸை ஊன்றி வட்டம் போட்டாள். எல்லாம் சரி.

"அந்தத் தொண்ணூறு எதுக்குக் கண்ணு?"

"அப்படித்தானுங்க மாமா போடோணும்."

"அறுபதை ஏன் கீழ எடுக்கறோம்?"

பதில் இல்லை. எனக்கும் அறுபது தெரியவில்லை, ஆனால் தொண்ணூறு தெரியும். லேத்தில் டூல் முனை ஜாப்பைத் தொடுகிற இடத்தில் தொடுகோட்டுக்குச் செங்குத்தாகப் போனால் மையம்தான். உடைந்த புல்லி வந்தால் அதன் மையத்தை எப்படிக் கண்டுபிடிப்போம் என்று அவளுக்கு ஒரு தட்டின் ஓரத்தை வரைந்து காட்டினேன். விளிம்பில் மூன்று புள்ளி, இரண்டு நாண், இரண்டு மையக்குத்துக்கோடு, வெட்டுகிற இடம் மையம். அங்கே டாட் பஞ்ச் வைத்து அடிப்போம். "அப்ப இந்த மையக்குத்துக்கோடும் அதேதானுங்களா?" என்று கேட்டாள். அதேதான். கீழே எடுத்த கோடுதான் தொடுகோடு என்று புரிந்ததும் அறுபதுக்கான காரணத்தை அவளே புத்தகத்தில் தேடிக் கண்டுபிடித்தாள். தொடுகோட்டுக்கும் நாணுக்கும் நடுவிலுள்ள கோணமும், எதிர்ப்புற வட்டத்துண்டில் நாண் தாங்கும் கோணமும் சமம். தேற்றமும் அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும், செய்முறையும் மனப்பாடமாகத் தெரியும். இரண்டும் ஒன்றையொன்று அதுவரை பார்த்ததே இல்லை. குத்துயரத்தை அளந்தோம். எனக்கு 3.8, அவளுக்கும் 3.8.

காம்பஸைப் பற்றி ஒரு வார்த்தை. திருகு லூசான காம்பஸில் வட்டம் தொடங்கிய இடத்தில் வந்து சேராது. பெட்டியோடு வருகிற காம்பஸ் இரண்டின் கீலையும் பட்டறையில் இறுக்கிக் கொண்டுவந்தேன். பென்சிலை உளிபோல் ஒரு பக்கமாகத் தீட்டிக்கொள்ளுங்கள், கோடு மெல்லியதாக விழும். உதவிப்படம் போட மறக்கக் கூடாது, அதற்கும் மார்க் உண்டு. கோடுகளை அழிக்கவும் கூடாது, எப்படி வரைந்தோம் என்று திருத்துபவர் பார்க்க வேண்டும்.

வரைபடத்தில் என் தப்பு ஒன்றை அவள் பிடித்தாள். எக்ஸ் வர்க்கம் கூட்டல் எக்ஸ் கழித்தல் 2. கழித்தல் 4 முதல் 3 வரை மதிப்புகள் போட்டால் 10, 4, 0, கழித்தல் 2, கழித்தல் 2, 0, 4, 10 என்று இரண்டு பக்கமும் கண்ணாடி பார்த்த மாதிரி வரும். எனக்கு அது ரொம்பப் பிடித்தது. அடியில் இரண்டு புள்ளியும் ஒரே மட்டத்தில் இருப்பதால் ஸ்கேல் வைத்து நேராக இணைத்துவிட்டேன். "பரவளையத்துக்கு அடியில தட்டை இருக்காதுங்க மாமா" என்றாள். நடுவில் கழித்தல் 0.5 போட்டுப் பார்த்தோம், கழித்தல் 2.25. இன்னும் கொஞ்சம் கீழே இறங்கித்தான் திரும்புகிறது. ரேடியஸ் வெட்டுகிறவன் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

பிப்ரவரியிலிருந்து ஞாயிறு காலை பத்து மணிக்கு மாதிரித் தேர்வு. அக்கா மணி பார்ப்பாள். முதல் தேர்வில் எனக்கு 41, அவளுக்கு 74. கடைசியில் எனக்கு 63, அவளுக்கு 91. வடிவியலையும் வரைபடத்தையும் முதலில் முடிப்பது என்று நான் வைத்துக்கொண்டேன். பள்ளியில் பலரும் கடைசிக்குத் தள்ளுவார்கள். 2012-இல் வெற்றுத் தாளைப் பார்த்தவன் என்பதால் எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. அவள் ஒரு மார்க்கிலிருந்து வரிசையாகப் போவாள். இரண்டும் சரிதான், கை நடுங்காமல் இருக்க எது உதவுகிறதோ அது.

டிசம்பர் கடைசியிலேயே சேவை மையத்துக்குப் போய் விண்ணப்பித்திருந்தேன். ஹால் டிக்கெட்டில் என் இப்போதைய போட்டோவைப் பார்த்தபோது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பரீட்சை அன்று அறையில் என்னைவிட மூத்த ஓர் அம்மாவும் இருந்தார். நாற்பதுக்கு மேல் இருக்கும். கேள்வித்தாள் படிக்கப் பத்து நிமிடம் கொடுக்கிறார்கள், விவரங்களைச் சரிபார்க்க ஐந்து. அந்தப் பத்து நிமிடமும் அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்தேகாலுக்கு எழுதத் தொடங்கினோம். நான் முதலில் காம்பஸை எடுத்தேன். பதினொன்றுக்குள் வடிவியலும் வரைபடமும் முடிந்துவிட்டன. பிறகு ஐந்து மார்க். ஓர் இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன். எல்லா விடைக்கும் அலகு போட்டேனா என்று கடைசிப் பத்து நிமிடம் பார்த்தேன். இரண்டு இடத்தில் விட்டிருந்தேன். அந்த அம்மா கூடுதல் தாள் வாங்கிக்கொண்டிருந்தார். ஒன்றேகாலுக்கு மணி அடித்தது.

அவள் அன்று மாலை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். கேள்வித்தாளை விரித்துவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் விட்டுவந்த ஐந்து மார்க்கை அவளும் விட்டிருந்தாள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் இருவரும் உட்கார்ந்து அதைப் போட்டு முடித்தோம். இனி மார்க் கிடைக்காது என்று தெரிந்தும்.

போன வாரம் பட்டறையில் புதிதாக ஒரு பையன் சேர்ந்தான். பதினெட்டு வயது. மூன்றாவது லேத்தில் அவனுக்கு டேப்பர் சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள். சுவரில் இருந்த எண்ணைக் காட்டினேன், கழிக்கவும் வகுக்கவும் பெருக்கவும் சொன்னேன். அப்புறம் அந்த எண்ணுக்குக் கீழே சாக்பீஸில், "10 டிகிரிக்கு மேல் போனால் இது ஆகாது, டேன் பார்" என்று எழுதினேன்.

"ஏனுங்ணா ஆகாது?" என்றான்.

மெஷினை நிறுத்திவிட்டு, தரையில் ஒரு செங்கோண முக்கோணம் வரைந்தேன்.